கனவை எங்கிருந்து செதுக்கத் தொடங்குவது?

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களைப் பார்ப்பார்கள். கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம். வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிப்பது போல ஒரு போட்டோ எடுத்துக்கொண்டதும் வண்டி கிளம்பிவிடும். இந்த அத்தியாயத்தைப் படிக்கிறவர்கள் அடுத்த முறை போகும்போது ஊரின் மேற்குப் பக்கம், பக்கிங்காம் கால்வாய் இருக்கும் திசையில் கொஞ்சம் நடக்க வேண்டும். அங்கே வலையன்குட்டை ரதம் என்று ஒன்றும், பிடாரி ரதங்கள் என்று இரண்டும் நிற்கின்றன. கூட்டம் இருக்காது. மூன்றுமே முடிக்கப்படாதவை.

தூரத்திலிருந்து பார்த்தால் பாறைக்குள்ளிருந்து ஒரு கோயில் எழுந்து வருவது போலத் தெரியும். கிட்டே போனால் வேலையின் வரிசை புரியும். உச்சியும் மேல் வரிசைகளும் நேர்த்தியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கண்ணைக் கீழே இறக்க இறக்க வேலை குறைந்துகொண்டே வருகிறது. அடியில் வெறும் பாறை. பல்லவச் சிற்பிகள் மேலிருந்து கீழாகத்தான் வேலை செய்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம். ஐந்து ரதங்களிலும் இதே முறைதான். தர்மராஜ ரதத்தில் மேல் தளங்கள் முடிந்திருக்க, கீழ்த்தளம் பாதியில் நிற்பதை எவரும் காணலாம்.

மேலிருந்து தொடங்கியதில் வசதி உண்டு. சாரம் கட்ட வேண்டியதில்லை. நிற்பதற்குப் பாறையே இடம் கொடுக்கிறது. மேலே உடைகிற சில்லு கீழே விழுந்து எதையும் கெடுக்காது. கீழே இன்னும் எதுவும் செதுக்கப்படவில்லையே. ஆனால் இந்த முறைக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. செங்கல் கட்டடம் என்றால் கீழ்த்தளம் எழுப்பிய பிறகுகூட மாடி வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கலாம். பாறையில் அது நடக்காது. முதல் உளி விழும்போதே தூண் எவ்வளவு கனம், வாசல் எந்தப் பக்கம், பீடம் எங்கே முடிகிறது என்பதெல்லாம் சிற்பியின் மனதில் முடிந்திருக்க வேண்டும். வெட்டிய கல்லைத் திரும்ப ஒட்ட வழியில்லை.

கனவினால் என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். முழுக் கோயிலும் மனதில் இருந்ததால்தான் அந்தச் சிற்பிக்கு இன்று காலை உளியை எங்கே வைப்பது என்று தெரிந்தது. இந்த நூலில் கனவு என்ற சொல்லை அந்தப் பொருளில் மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். நாளைக் காலை செய்ய வேண்டிய வேலையைச் சொல்லாத விருப்பத்துக்கு ஆசை என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆசை எல்லாருக்கும் இருக்கிறது. அதற்கு வழிகாட்டி நூல் தேவையில்லை.

உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

செங்கல்பட்டு மாவட்டத்துப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசும்போது இந்த உரையாடல் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

"என்னம்மா ஆகப் போறே?"

"டாக்டர், சார்."

"ஒரு டாக்டர் காலையில பத்து மணிக்கு என்ன செஞ்சுக்கிட்டிருப்பாங்க?"

பதில் வராது. பக்கத்தில் இருப்பவள் சிரிப்பாள். அந்தப் பெண்ணின் மீது குறையே இல்லை. அவளுக்கு அந்த வேலையின் பெயரை மட்டும் கொடுத்தவர்கள் நாம். வேலையின் உள்ளே அழைத்துப் போய்க் காட்டியவர் யாரும் இல்லை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் படிக்க முடியும்?

ஆகவே முதல் காரியம், கனவு காணும் இடத்தை நேரில் பார்ப்பது. வக்கீல் ஆக வேண்டும் என்றால் ஒரு நாள் செங்கல்பட்டு நீதிமன்றத்தில் பின்வரிசையில் போய் அமைதியாக உட்காருங்கள். வழக்கு விசாரணை பொதுவாகப் பொதுமக்கள் பார்க்கும்படிதான் நடக்கிறது. வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டு ஒரு பகல் முழுவதும் எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் தெருவில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு குழந்தைக்கு ஒரு மாதம் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். சிற்பி ஆக வேண்டும் என்றால் மாமல்லபுரத்துப் பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டு ஒரு நாள் நில்லுங்கள். கிரைண்டர் சத்தமும் கல் தூசியும் சாயங்காலம் வரை உங்களுக்குத் தாங்குகிறதா என்று தெரிந்துவிடும். தாங்கினால், 1957 முதல் அதே ஊரில் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் சேர்ந்து பட்டம் பெறலாம். சிற்பிகள் கல்லை எடுத்தவுடன் உளி வைப்பதில்லை. தட்டிப் பார்த்து, ஒலியைக் கேட்டு, ஆண் கல்லா பெண் கல்லா என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் எந்த உருவத்துக்கு எது என்று முடிவு செய்வது மரபு. நம் கனவையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

நேரில் பார்ப்பதற்கு எவ்வளவு வலு இருக்கிறது என்பதற்கு நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. 2013 நவம்பரில் சென்னையில் ஒரு ஓட்டலில் விஸ்வநாதன் ஆனந்துக்கும் மேக்னஸ் கார்ல்சனுக்கும் உலக செஸ் சாம்பியன் போட்டி நடந்தது. ஆட்டக்காரர்கள் இருவரும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம். பார்வையாளர்களில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். ஆனந்த் தோற்றார், பட்டம் கார்ல்சனோடு போனது. அந்தக் கண்ணாடி அறைக்குள் ஒருநாள் தானும் உட்கார வேண்டும், போன பட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அன்று தோன்றியதாக அந்தச் சிறுவன் பிற்காலத்தில் சொன்னான். அவன் பெயர் குகேஷ்.

தோன்றியதோடு நிற்கவில்லை. 2017-இல், பதினோரு வயதில், ஒரு பேட்டியில் உலகின் மிக இளைய சாம்பியன் ஆக வேண்டும் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னான். இப்படி வாய்விட்டுச் சொல்வதை நம் வீடுகளில் அவ்வளவாக விரும்புவதில்லை. கண்ணு பட்டுவிடும் என்பார்கள். நடக்காவிட்டால் நாலு பேர் சிரிப்பார்கள் என்பார்கள். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறேன். ஊர் முழுவதும் தண்டோரா போட வேண்டாம். ஆனால் உங்கள் கனவு ஒரே ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அவர், "இந்த வாரம் என்ன செஞ்சே?" என்று கேட்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும். அக்காவோ, தாய்மாமனோ, ஒரு வாத்தியாரோ, யாராக இருந்தாலும் சரி.

குகேஷின் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அவருடைய பயிற்சியாளர் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, ஒரு கட்டம் வரை அவரைக் கம்ப்யூட்டர் என்ஜின் பக்கம் போகவிடவில்லை. இந்தக் காலத்தில் செஸ் ஆடும் பிள்ளைகள் எந்த நகர்வு சரி என்று நொடியில் கம்ப்யூட்டரிடம் கேட்டுக்கொள்ள முடியும். அந்த வசதியை ஒதுக்கிவிட்டுத் தன் தலையால் யோசிக்கப் பழகினார் குகேஷ். போனில் விடை கிடைக்கும் காலத்தில் படிக்கிற எல்லாப் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும். சிரமப்பட்டு யோசிக்கிற அந்த அரைமணி நேரம்தான் பயிற்சி.

2022 ஆகஸ்ட் 8, மாமல்லபுரம்

உக்ரைன் போரினால் ரஷ்யாவில் நடக்க முடியாமல் போன 44-ஆவது செஸ் ஒலிம்பியாடைத் தமிழ்நாடு ஏற்றுக்கொண்டு, ஏறக்குறைய நான்கே மாத அவகாசத்தில் மாமல்லபுரத்தில் நடத்தியது. குதிரைத் தலையும் வேட்டியுமாகத் 'தம்பி' கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக வணக்கம் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். இந்தியாவின் இரண்டாவது அணியில் முதல் பலகையில் ஆடியவர் பதினாறு வயது குகேஷ். முதல் எட்டு ஆட்டங்களிலும் வெற்றி. எட்டாவதில் வீழ்ந்தவர் அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானா. ஒன்பதாவது டிரா.

பத்தாவது சுற்று, ஆகஸ்ட் 8. எதிரில் உஸ்பெகிஸ்தானின் நோதிர்பெக் அப்துசத்தோரோவ். ஆட்டம் குகேஷின் கையில் இருந்தது. ஜெயித்திருந்தால் அணிக்குத் தங்கம் கைக்கெட்டும் தூரம். நேரம் குறைய, பிழை நுழைய, வென்றிருக்க வேண்டிய ஆட்டத்தில் தோற்றுப்போனார். பிரக்ஞானந்தா ஜெயித்ததால் சுற்று 2-2 என்று சமனில் முடிந்தது. தங்கம் கடைசியில் உஸ்பெகிஸ்தானுக்குப் போயிற்று.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு மறுநாள். ஆகஸ்ட் 9, கடைசிச் சுற்று. முந்தைய நாள் தோல்வியைத் தூக்கிக்கொண்டு அதே நாற்காலியில் போய் உட்கார வேண்டும். குகேஷ் உட்கார்ந்தார்; ஜெர்மனியின் முதல் பலகையோடு டிரா செய்தார். அணி 3-1 என்று வென்று வெண்கலம் வாங்கியது. 11 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்த குகேஷுக்கு முதல் பலகைக்கான தனிநபர் தங்கமும் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்திய ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் தங்கம் வென்றன. முதல் பலகைத் தங்கம் மறுபடியும் குகேஷுக்கு. 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். பிளவுபடாத உலகப் பட்டத்தை அந்த வயதில் அதுவரை யாரும் வென்றதில்லை.

தோற்ற மறுநாள் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வது இதனால்தான். நீட் மதிப்பெண் வந்த மறுநாள், டிஎன்பிஎஸ்சி பட்டியலில் பெயர் இல்லாத மறுநாள், காலை ஏழு மணிக்கு என்ன வேலை? அழுது தீர்க்க ஒரு ராத்திரி வைத்துக்கொள்ளலாம். காலை வேலையை மட்டும் இன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள். தோற்ற அன்று யோசித்து முடிவெடுக்கும் தெம்பு எவருக்கும் இருக்காது.

அதே மாமல்லபுரத்தில் இன்னொருவர் இருந்தார். துரோணவல்லி ஹரிகா. பதின்மூன்று வயதில், 2004-இல், முதல் ஒலிம்பியாட் ஆடியவர். இந்தியப் பெண்கள் அணி மேடையேற வேண்டும் என்பது அவருடைய கனவு. பதினெட்டு ஆண்டு கழிந்தது. மாமல்லபுரத்துக்கு அவர் நிறைமாதக் கர்ப்பிணியாக வந்தார், வந்து ஆடினார். கடைசிச் சுற்று வரை முன்னிலையில் இருந்த அணி, அன்று அமெரிக்காவிடம் தோற்று வெண்கலத்தில் நின்றது. தங்கம் நழுவிய வருத்தம் எல்லாருக்கும் இருந்தது. ஆனால் ஹரிகாவுக்கு அது பதினெட்டு வருடம் காத்திருந்த பதக்கம். கல்யாணம், குழந்தை என்று வந்ததும் கனவுக்குக் கதவு சாத்திவிடுகிற வீடுகள் இன்னும் நம்மிடம் நிறைய உண்டு. அந்த வீட்டுப் பெரியவர்கள் இந்த ஒரு பத்தியையாவது படிக்க வேண்டும்.

செலவுக் கணக்கு

கனவைப் பற்றிப் பேசுகிற புத்தகங்கள் பணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அது வாசகருக்குச் செய்கிற அநீதி.

குகேஷின் தந்தை காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு போட்டிகளுக்குப் போவதற்காகத் தன் மருத்துவத் தொழிலை நிறுத்திவைத்தார். தாயின் சம்பளத்தில் குடும்பம் நடந்தது. ஒரு கட்டத்தில் கையில் பணமில்லாமல் போனது. பெற்றோரின் நண்பர்கள் உதவினார்கள் என்று குகேஷே சொல்லியிருக்கிறார். டாக்டர் குடும்பத்துக்கே அந்த நிலை. மறைமலைநகரில் ஷிப்ட் வேலை பார்க்கிற ஒரு தந்தை, வேலையை விட்டுவிட்டு மகளோடு போட்டி போட்டியாகப் போக முடியாது. போகச் சொல்லவும் கூடாது.

ஆகவே வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள். இந்தக் கனவுக்கு மாதம் எவ்வளவு ஆகும்? அந்தப் பணம் எதைக் குறைத்தால் வரும்? எந்தத் தேதியில் மறுபடி உட்கார்ந்து, தொடர்வதா மாற்றுவதா என்று பேசப் போகிறோம்? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். தேதி போடாத கனவு வீட்டுக்குள் சண்டையாக மாறும். "உனக்காக எவ்வளவு செலவு செஞ்சேன்" என்ற சொல் பிள்ளையின் காதில் ஒருமுறை விழுந்தால் போதும், விளையாட்டோ படிப்போ அன்றோடு பாரமாகிவிடும். நகையை அடகு வைப்பதற்கு முன்னால் அரசின் உதவித்தொகை, விளையாட்டு விடுதி, கல்விக்கடன் என்று இருப்பவற்றை எல்லாம் விசாரித்து முடியுங்கள்.

பெயர்ப்பலகையில் வைக்காதீர்கள்

ஒலிம்பியாட் தொடங்கிய அதே 2022 ஜூலையில், இதே மாவட்டத்தில், மறைமலைநகர் ஃபோர்டு ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் இந்தப் பகுதி இளைஞர்களின் கனவாக இருந்த கேட் அது. ஐடிஐ முடித்தவுடன் ஃபோர்டில் சேர வேண்டும் என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருப்போம். கம்பெனி வரும், போகும். அதைத் தடுக்க ஒரு வெல்டருக்கு அதிகாரம் கிடையாது. அதனால் கனவை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையில் வைக்க வேண்டாம். கையில் இருக்கும் தொழிலில் வையுங்கள். "ஃபோர்டில் வேலை" என்று இருந்த கனவு அந்த ஜூலையில் மூடப்பட்டது. "இந்த மாவட்டத்திலேயே நல்ல வெல்டர்" என்று இருந்த கனவு அடுத்த கேட்டுக்கு நடந்து போகும்.

இதை எல்லாரையும்விட முன்பே கண்டுகொண்டவர்கள் வடநெம்மேலி இருளர்கள். பாம்பு பிடிப்பது அவர்களுடைய பரம்பரைக் கைத்திறன். ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரத்துக்காகப் பிடித்தார்கள். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. மண்ணில் விழுந்த தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எப்போது போயிற்று என்று சொல்லக்கூடியவர்களின் அறிவுக்கு ஒரே நாளில் விலை இல்லாமல் போயிற்று. முதலைப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரும் இருளர்களும் சேர்ந்து யோசித்ததில் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கொல்வதற்குப் பதில் விஷம் எடுப்பது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து மண்பானையில் வைத்து, சில வாரங்களில் நான்கு முறை விஷம் எடுத்து, காட்டில் திரும்ப விட்டுவிடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி அந்த விஷத்தைக் கொண்டுதான் தயாராகிறது. வயலில் கடிபட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படும் ஒரு விவசாயி பிழைக்கிறார் என்றால், அதில் இந்தக் கடற்கரைக் கிராமத்து மனிதர்களின் பங்கு இருக்கிறது.

அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை இரண்டு வாரத்துக்குள் 13 பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. முன்பு தெரிந்த தொழில்தான், கை மாறவில்லை. அது யாருக்குப் பயன்பட வேண்டும் என்ற எண்ணம் மாறியது. ஐம்பது வயதில் வேலை போனவர்களிடம் நான் இருளர்களைப் பற்றித்தான் பேசுவேன். புதிதாக என்ன கற்கலாம் என்று தேடுவதற்கு முன், உங்கள் கைக்கு ஏற்கெனவே தெரிந்தது இன்னும் யாருக்குத் தேவை என்று ஒரு வாரம் விசாரியுங்கள்.

ஒரு சதுரம்

இனி நோட்டை எடுங்கள். மாமல்லபுரத்தில் பாதியில் நிற்கும் குடைவரைகளின் உட்சுவரைக் கவனித்தால் ஒரு காட்சி தெரியும். சிற்பிகள் பாறைமுகத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, சதுரங்களுக்கு நடுவே ஆழமாகக் கோடு வெட்டியிருக்கிறார்கள். பிறகு தனித்து நிற்கும் சதுர மேட்டை ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்து உள்ளே போயிருக்கிறார்கள். மலையைக் குடைவது என்பது அவர்களுக்கு அன்றன்றைக்கு ஒரு சதுரத்தை உடைப்பதாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நோட்டின் முதல் பக்கத்தில் முழுக் கனவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். தொழிலின் பெயர் வரலாம், கம்பெனியின் பெயர் வேண்டாம். அடுத்த பக்கத்தில் பன்னிரண்டு சதுரம் போடுங்கள். ஒரு சதுரம் ஒரு வாரம். எல்லாவற்றையும் இப்போதே நிரப்ப வேண்டாம், முதல் சதுரத்தை மட்டும் நிரப்புங்கள். "நன்றாகப் படிக்க வேண்டும்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். "செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் ஆறு முதல் ஏழு வரை இயற்பியலில் இரண்டாம் பாடக் கணக்குகள்" என்று இருக்க வேண்டும். வீட்டு வேலையெல்லாம் முடித்துத் தனக்கென்று ஒரு மணி நேரம்கூட மிஞ்சாத பெண்கள், முதல் சதுரத்தில் அந்த ஒரு மணி நேரத்தை வீட்டில் கேட்டு வாங்குவதையே எழுதலாம். அதுவும் பெரிய வேலைதான். சனிக்கிழமை ராத்திரி அந்தச் சதுரத்தை உடைத்தோமா என்று பார்த்து, அடுத்ததை நிரப்புங்கள். உடையவில்லை என்றால் அதே சதுரம் அடுத்த வாரமும் இருக்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் வலையன்குட்டை ரதத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். உச்சியில் செதுக்கி முடித்த இடத்தையும் அடியில் இன்னும் தொடாத பாறையையும் காட்டிவிட்டு, அங்கேயே ஒரு நிழல் பார்த்து உட்கார்ந்து முதல் சதுரத்தை எழுதுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.